புது எழுத்து ஒன்றை உருவாக்குவது எப்படி: வடிவங்கள் பிறக்கும் இடமும் படிப்படியான செய்முறையும்

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் ஒரு நோட்டை நீட்டி, "மாமா, இதைப் படிங்க பார்க்கலாம்" என்றாள். பக்கம் முழுக்க நட்சத்திரம், சுருள், மீன், முக்கோணத்துக்குள் முக்கோணம். அவளே கண்டுபிடித்த ரகசிய எழுத்தாம். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது அம்மா. இது பள்ளிக்கூடம். சரியா?" என்றேன். முகம் வாடிவிட்டது.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு படம் போட்டவள், புள்ளியையும் கொம்பையும் துணைக்காலையும் அப்படியே விட்டுவிட்டாள். மீனுக்கு மேல் புள்ளி, அடுத்தும் அதே மீன், அதற்குத் துணைக்கால் என்றால் 'ம்மா' என்று யாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய குறை ஒன்றை அவளே சொன்னாள்: "ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகுது மாமா."

அந்த வாரம் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். உலகில் எழுத்தை உருவாக்கிப் புழக்கத்துக்கும் கொண்டுவந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தோம். கதைக்காக எழுதுகிறவர்கள், விளையாட்டு வடிவமைப்பவர்கள், நாட்குறிப்பை மறைக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் இதே வரிசை பயன்படும். பெரும்பாலோர் வடிவத்தில் தொடங்கித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பேனாவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

படி 1: எதற்கு ஒரு குறி?

ஒரு சொல்லுக்கு ஒரு குறியா, ஓர் அசைக்கு ஒன்றா, ஓர் ஒலிக்கு ஒன்றா? எத்தனை வடிவங்கள் தேவை என்பது இதைப் பொறுத்தது. ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.

கேமரூன் நாட்டின் ஃபும்பான் நகரிலிருந்து பாமும் அரசை ஆண்டவர் சுல்தான் இஞ்ஞோயா. 1896 வாக்கில் தம் மொழிக்கு எழுத்து உருவாக்கப் புறப்பட்டவர், ஆளுக்கொரு பொருளைப் படமாக வரைந்து தரும்படி குடிமக்களைக் கேட்டார். வந்த படங்களிலிருந்து சுமார் 500 குறிகள் சேர்ந்தன. சொல்லுக்கு ஒரு படம். யாரால் இத்தனையை மனப்பாடம் செய்ய முடியும்? அவரும் அவரது உதவியாளர்களும் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். படம் குறித்த பொருளை விட்டுவிட்டு, அந்தச் சொல்லின் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1910 அளவில் 80 குறிகள்தான் மிஞ்சின. அந்த எழுத்துக்குப் பெயரே 'அ க உ கு'. முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வது, நாம் 'அ ஆ இ ஈ' என்பது மாதிரி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எண்ணிக்கை குறையக் குறையப் படங்களும் கோடுகளாகிக்கொண்டே வந்ததுதான்.

அமெரிக்காவில் செரோக்கி மொழிக்கு 1821 வாக்கில் எழுத்து உருவாக்கிய செக்வோயாவும் சொல்லுக்கு ஒரு குறி என்றுதான் ஆரம்பித்தார். அது கரை காணாது என்று தெரிந்ததும் அசைக்கு மாறினார். செரோக்கியின் அசை அமைப்பு எளிது என்பதால் 86 குறிகளில் வேலை முடிந்தது. பிறகு ஒன்று கழிந்து 85.

தமிழுக்கு அசை எழுத்து செய்யப் போனால் 216 உயிர்மெய்க்கும் தனித்தனி வடிவம் வேண்டும். வேண்டாம். 18 மெய், 10 உயிர் என்று வைத்துக்கொண்டோம். ஐ, ஔ இரண்டையும் 'அய்', 'அவ்' என்று எழுதிவிடலாம். ஆய்தத்துக்கு மூன்று புள்ளி இருக்கட்டும் என்றாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

படி 2: எதால், எதன் மேல்?

ஓலையில் எழுத்தாணியால் கீறுகிறவனுக்கு, ஓலை நரம்போடு ஓடும் நீண்ட நேர்கோடு ஆபத்து. ஓலை பிளந்துவிடும். பனையோலையில் வளர்ந்த பல எழுத்துகள் உருண்டு திரண்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கல்லில் வெட்டிய தமிழ் பிராமியில் 'க' வெறும் கூட்டல் குறி. அதன் பேரப்பிள்ளை இன்றைய 'க' எத்தனை வளைவு வளைகிறது பாருங்கள். புள்ளிக்கும் ஓலையில் ஆபத்துதான். எழுத்தாணியால் குத்தினால் ஓட்டை விழும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். குறில் எ, ஒ இரண்டும் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். புள்ளி விடுபட்டதும் எகரமா ஏகாரமா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதாயிற்று. அதைத் தீர்க்கத்தான் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்குக் கீழே ஒரு கால் இழுத்தார், ஓகாரத்துக்கு ஒரு சுழி போட்டார், நெடிலுக்கு இரட்டைச்சுழிக் கொம்பு தந்தார். இன்று நாம் எழுதும் 'ஏ', 'ஓ' வடிவங்கள், ஓலையில் வைக்க முடியாமல் போன ஒரு புள்ளியின் பின்விளைவு.

கருவி மாறினால் அழகான யோசனையும் வீணாகும். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்தில், ஒலிப்பில்லாத, அதாவது தொண்டை அதிராமல் பிறக்கும், மெய்க்கு மெல்லிய கோடு, அதன் ஒலிப்புள்ள இணைக்கு அதே கோடு கனமாக. 'பம்பு' என்னும்போது முதலில் வரும் பகரத்துக்கும் நடுவில் வரும் பகரத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒரு விரல் அழுத்தத்தில் தெரிந்துவிடும். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் இதைப் படித்தவர்களைக் கேட்டால் பென்சில் சீவிய கதை சொல்வார்கள். பால்பாயிண்ட் பேனாவில் கனம், மெல்லிசு இரண்டும் ஒன்றுதான்.

பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக்கு அளவுகோல் விரல் நுனி. சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய 12 புள்ளிக் கட்டம் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி பிரெய்ல் 15 வயதில், 1824இல், அதை ஆறாகக் குறைத்தார். முதல் 10 எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த 10க்கு அதே வடிவங்களோடு கீழே இடப்புறம் ஒரு புள்ளி கூடுதல். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் தமிழ் 'க'வுக்கு வருவது ஆங்கில எழுத்து வரிசையின் 'கே' வடிவம்தான்.

எழுதும் திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மொழிகளுக்காக 1949இல் இங்கோ எழுத்தை உருவாக்கிய சோலோமானா கந்தே, எழுதத் தெரியாதவர்களை மண்ணில் கோடு போடச் சொல்லிப் பார்த்தாராம். பெரும்பாலோர் வலமிருந்து இடமாக இழுத்தார்கள், அதனால் இங்கோவும் வலமிருந்து இடம் என்பது அவர்கள் மத்தியில் சொல்லப்படும் கதை. எங்களுடையது நீலப் பால்பாயிண்ட், ஒற்றைக்கோடு போட்ட நோட்டு, இடமிருந்து வலம். அதற்கு மேல் புரட்சி வேண்டாம் என்று விட்டோம்.

படி 3: ஊற்று எது?

இப்போது வடிவம். உருவாக்கப்பட்ட எழுத்துகளைத் திரட்டிப் பார்த்தால் நான்கைந்து ஊற்றுகள்தான் தெரிகின்றன. இவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வாய்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொரியாவின் அரசர் செஜோங் 1443 இறுதியில் 28 எழுத்துகளை அமைத்தார். 1446இல் அவை வெளியிடப்பட்டன. ஹங்குல் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அந்த எழுத்துகள் எப்படிப் பிறந்தன என்று சொல்லும் விளக்கநூல் நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்து 1940இல்தான் வெளிப்பட்டது. அதுவரை, கொரிய வீட்டுக் கதவின் கிராதிச் சட்டங்களைப் பார்த்து வரைந்தது என்றுகூடக் கதை உலவியது.

நீங்களே செய்து பாருங்கள். 'நாய்' என்று சொல்லத் தொடங்கி, 'ந்'இல் நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேலே போய் ஒட்டியிருக்கும். பின்பக்கம் தட்டையாகக் கிடக்கும். இப்போது உங்கள் முகத்தை இடப்பக்கம் பார்த்தபடி யாரோ வரைகிறார் என்று வையுங்கள். இடது ஓரத்தில் ஒரு செங்குத்து, அதன் அடியிலிருந்து வலப்பக்கம் ஓடும் ஒரு படுகோடு. கிட்டத்தட்ட நம் 'ட'. அதுதான் கொரிய 'ந'! அடுத்து 'கல்' என்று தொடங்கி 'க்'இல் நில்லுங்கள். அடிநாக்கு எழுந்து தொண்டையை அடைக்கிறது. அதை வரைந்தால் தலைகீழாகத் திருப்பிய 'ட'. அதுதான் கொரிய 'க'. மகரத்துக்கு மூடிய வாய், ஆகவே ஒரு சதுரம். சகரத்துக்குப் பல், கூரை மாதிரி இரண்டு சாய்கோடு. தொண்டைக்கு ஒரு வட்டம்.

அடிப்படை ஐந்து மட்டும்தான் படம். மற்றதெல்லாம் கணக்கு. ஒலி வலுக்க வலுக்க ஒரு கோடு கூடும். 'ந'வின் மேல் ஒரு கோடு போட்டால் 'த', இன்னொன்று போட்டால் மூச்சோடு வரும் 'த'. சதுரத்தின் செங்குத்துகளை மேலே நீட்டினால் பகரம். நம் 'ப'வுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டது போல இருக்கும். எந்த ஒலி மிக மென்மையோ அதையே அடிப்படையாக எடுத்தோம் என்று அந்த விளக்கநூல் சொல்கிறது. மெல்லினத்திலிருந்து வல்லினம்! இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ககார ஙகாரம் முதல்நா அண்ணம்" என்றும் "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்றும் இதே வாய்க்கணக்கைத் தொல்காப்பியப் பிறப்பியலும் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நம் எழுத்து வடிவங்களுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'ட'வையும் 'ண'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் பிறக்கும் இணை என்று யார் சொல்வார்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சீனாவின் பழைய முத்திரை எழுத்தின் பாணியைப் பின்பற்றியது என்று செஜோங் காலத்துப் பதிவே சொல்கிறது. மங்கோலிய அரசின் பக்பா எழுத்திலிருந்தும் சில வடிவங்கள் வந்திருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. வாய் மட்டும்தான் ஊற்று என்று அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஊற்று, கண்ணில் படும் பொருள்கள். சந்தாலி மொழிக்கு ஒடிசாவின் மயூர்பஞ்சில் பண்டித ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி இந்த வழி. 30 எழுத்துகள். எழுத்தின் பெயரே ஒரு பொருளையோ செயலையோ சொல்லும், வடிவம் அதைக் காட்டும். 'அத்' என்றால் பூமி. 'ஆம்' என்றால் நீ. ஒரு சிறுவனுக்கு எழுத்தையும் பெயரையும் படத்தையும் ஒரே மூச்சில் சொல்லித்தர முடிகிறது.

அடுத்து, வெறும் தோற்றத்தைக் கடன் வாங்குவது. செக்வோயாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அச்சான புத்தகத்தில் பார்த்த வடிவங்களைத் தமக்குப் பிடித்தபடி எடுத்துத் தம் ஒலிகளுக்கு வைத்துக்கொண்டார். ஆங்கில 'டி' வடிவம் செரோக்கியில் 'அ'. 'டபிள்யூ' வடிவம் 'லா'. 'ஹெச்' வடிவம் 'மி'. ஆங்கிலம் தெரிந்தவருக்குத் தலை சுற்றும். செரோக்கி மட்டும் தெரிந்தவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. கடன் வாங்கினால் உங்கள் வாசகருக்குத் தெரியாத இடத்திலிருந்து வாங்குங்கள் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. நாங்கள் முதலில் 'ந'வுக்குக் கொரியாவைப் பார்த்து 'ட' வடிவத்தை வைத்தோம். ஒவ்வொரு முறையும் இருவரும் 'ட' என்றே படித்தோம்.

பிறகு திருப்பல். கனடாவில் நார்வே ஹவுஸ் என்ற இடத்தில் 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ மொழிக்கு அச்சிட்ட எழுத்தில் ஒன்பது வடிவங்கள், நான்கு திசைகள். கூம்பு வடிவத்தின் முனை மேலே இருந்தால் 'பி', கீழே இருந்தால் 'பே', வலப்பக்கம் 'போ', இடப்பக்கம் 'ப'. இந்த எழுத்து தங்களுக்கு ஆவியுலகிலிருந்து கிடைத்தது என்ற மரபுக்கதையும் கிரீ மக்களிடம் உண்டு. கற்பதற்கு இதைவிட மலிவான அமைப்பு கிடையாது. பெர்னார்ட் ஷாவின் உயில்படி ஆங்கிலத்துக்காகப் போட்டி வைத்து, கிங்ஸ்லி ரீட் முடித்துத் தந்த ஷேவியன் எழுத்தும் 180 பாகை திருப்பலை நம்பியது: ஒலிப்பில்லாத மெய் கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், அதன் ஒலிப்புள்ள இணை தலைகீழாகக் கீழே தொங்கும்.

கடைசியாக, கை தானே வரைவது. 1989இல் கினி நாட்டின் இன்செரெகொரே நகரில், ஃபுலா மொழிக்கு எழுத்து வேண்டும் என்று இரண்டு பையன்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இப்ராஹிமா பாரிக்கு 14 வயது, தம்பி அப்துலாயேவுக்கு 10. கண்ணை மூடிக்கொண்டு கோடுகளை இழுத்தார்கள், பிறகு கண்ணைத் திறந்து எது ஒரு எழுத்துப் போல இருக்கிறது என்று தேர்ந்தார்கள். அட்லம் என்ற அந்த எழுத்து 2016இல், கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடில் ஏறியது. என் அக்கா மகளுக்கு இந்தக் கதை மட்டும் போதும். அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கினாள்.

படி 4: குடும்பம் குடும்பமாக வரையுங்கள்

தமிழுக்கு ஒரு வசதி. ஆறு வல்லினம், ஆறு மெல்லினம், ஆறும் இணை இணையாக நிற்கும். ஆறு வடிவம் கண்டுபிடித்தால் 12 எழுத்து கிடைத்துவிடும். மெல்லினம் வெறும் வடிவம், வல்லினத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு என்று வைத்தோம்.

ம: மூடிய உதடு, வட்டம். குறுக்கே கோடு போட்டால் ப.
ஞ: நடுநாக்கு எழும்புகிறது, ஒரு மேடு. கோடு போட்டால் ச.
ங: அடிநாக்கு எழும்புகிறது, வலப்பக்கம் ஏறும் கொக்கி. கோடு போட்டால் க.
ந: நுனி நிமிர்கிறது, இடப்பக்கம் ஏறும் படகு. கோடு போட்டால் த.
ன: அதே படகு, நுனி கொஞ்சம் உள்ளே வளைந்தது. கோடு போட்டால் ற.
ண: நுனி முழுக்கச் சுருண்டது. கோடு போட்டால் ட.

இடையினத்துக்குத் தலையில் ஒரு சின்னக் கொக்கி. 'ம'வுக்குக் கொக்கி போட்டால் 'வ', 'ஞ'வுக்குப் போட்டால் 'ய', 'ன'வுக்கு 'ல', 'ண'வுக்கு 'ள'. 'ழ'வுக்கு 'ள'வின் வாலை இன்னொரு சுற்று சுற்றினோம். இருப்பதை நீட்டிப் புதியது செய்வது பழைய உத்திதான். தமிழ் பிராமியிலேயே 'ந'வை வளைத்து 'ன', 'ல'வை நீட்டி 'ள' செய்திருக்கிறார்கள். 'ர' மட்டும் எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. அதற்கு ஒரு நெளிகோடு.

படி 5: உயிர்

கொரிய உயிர்களுக்கு மூன்றே பொருள்: வானத்துக்கு ஒரு புள்ளி, பூமிக்குப் படுகோடு, மனிதனுக்கு நிற்கும் கோடு. நிற்கும் கோட்டுக்கு வலப்பக்கம் புள்ளி வைத்தால் ஆ, படுகோட்டுக்கு மேலே வைத்தால் ஓ, கீழே வைத்தால் ஊ. மூன்று பொருளை வைத்து அத்தனை உயிரையும் கட்டிவிட்டார்கள்.

நாங்கள் மெய்யின் வலப்பக்கத்திலிருந்து ஒரு வால் இழுத்தோம். அ நேராக, இ மேல்நோக்கி, உ கீழ்நோக்கி, எ மேல்நோக்கிச் சுழி, ஒ கீழ்நோக்கிச் சுழி. நெடிலானால் வால் நுனியில் ஒரு மடிப்பு. வால் இல்லாவிட்டால் மெய். இங்கே புள்ளியே கிடையாது. முன்பு அவளைக் காட்டிக்கொடுத்தது அதுதானே. கொம்பை முன்னால் எழுதிவிட்டுப் பின்னால் படிக்கும் வேலையும் இல்லை. இத்தனை ஒழுங்காகச் செய்துவிட்டு நம் கு, சு, டு, து, மு, ரு வரிசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆனால் அதுவும் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல, எழுதி எழுதிக் கை பழகிப் போட்ட தடம்.

படி 6: வேகமாக எழுதுங்கள்

பலர் விட்டுவிடும் படி இதுதான். ஒரு பக்கத்தை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முடிந்த வேகத்தில் எழுத வேண்டும். மறுநாள் காலை அதையே படிக்க வேண்டும். எழுதிய அன்றே படித்தால் நினைவு கைகொடுத்துவிடும்.

எங்கள் எழுத்து இங்கே கவிழ்ந்தது. படகு, கொஞ்சம் வளைந்த படகு, சுருண்ட படகு மூன்றும் வேகத்தில் ஒரே மாதிரி ஆகிவிட்டன. 'மனம்', 'மணம்' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாயில் பிறக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் பிறக்கும் ஒலிகளைத் தாளிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. தர்க்கம் அழகாக இருந்தது. கைக்கு அது தெரியாது.

பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்து எழுத்துகளை எண்ணச் சொன்னேன். 'ன' அடிக்கடி வந்தது, 'ங' அபூர்வம், 'ஞ' அதைவிட அபூர்வம். மோர்ஸ் குறியில் ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அந்த நியாயம் இங்கும் பொருந்தும். 'ன'வைப் படகுக் குடும்பத்திலிருந்து விலக்கி, ஒரே சாய்கோடாக்கினோம். குறுக்கே கோடு போட்டால் 'ற', தலையில் கொக்கி போட்டால் 'ல'. மூன்றும் எழுத எளிது, மூன்றும் அதிகம் தேவைப்படுபவை.

புழக்கத்தில் இருக்கும் எழுத்துகளுக்கும் இதேதான் நடக்கிறது. கொரிய உயிரின் உருண்டைப் புள்ளி, தூரிகை கைக்கு வந்ததும் வெகு சீக்கிரமே சிறு கோடாகிவிட்டது. லைபீரியாவில் 1833 வாக்கில் மொமொலு துவாலு புகெலே 'வாய்' என்ற பெயருள்ள மொழிக்கு உருவாக்கிய எழுத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். காலம் போகப் போக வடிவங்கள் எளிமையாகியிருக்கின்றன, அதிலும் ஆரம்பத்தில் சிக்கலாக இருந்தவை அதிகமாக. நீங்கள் எதை வரைந்தாலும் எழுதுகிறவர்கள் தேய்க்கத்தான் போகிறார்கள். கொஞ்சத்தை நீங்களே முன்கூட்டித் தேய்த்துவிடுவது நல்லது.

படி 7: தூரத்திலிருந்து பாருங்கள்

பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எட்டடி தள்ளி நில்லுங்கள். சொற்களுக்கு மேடுபள்ளம் தெரிகிறதா? யூட்டாவில் குடியேறிய மார்மன் சமயத்தார் 1850களில் டெசரட் என்று 38 எழுத்துகள் அமைத்தார்கள். எல்லா எழுத்தும் ஒரே உயரம். மேலே நீளும் கொம்பும் இல்லை, கீழே இறங்கும் வாலும் இல்லை. பக்கம் முழுக்கச் செங்கல் சுவர் போலத் தெரியும் என்பது அதன் மேல் எப்போதும் சொல்லப்படும் குறை. நான்கு புத்தகங்களோடு நின்றது. தோல்விக்கு வடிவம் மட்டும் காரணமல்ல, பணமும்தான். ஆனால் வடிவம் உதவவில்லை.

எங்கள் வால்கள் மேலும் கீழும் போவதால் இதில் தப்பித்தோம். 'ட' எழுத்தின் சுருளுக்குள் குறுக்குக்கோடு மூழ்கிப்போவது மட்டும் தெரிந்தது. கோட்டைச் சற்று வெளியே நீட்டினோம்.

படி 8: அச்சும் திரையும்

கையெழுத்தாகவே இருக்கட்டும் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். அச்சுக்குப் போகும்போது வடிவம் இன்னொரு முறை மாறும். செக்வோயாவின் கையெழுத்து வடிவங்கள் வளைந்து நெளிந்து ஓடுபவை. 1828இல் செரோக்கி ஃபீனிக்ஸ் செய்தித்தாளுக்காக ஈய எழுத்து வார்த்தபோது நிமிர்ந்து, ஆங்கில அச்செழுத்துகளுக்கு இன்னும் நெருக்கமாகின. தமிழிலும் அச்சும் தட்டச்சும் நெருக்கியதால்தான், பெரியார் 1935 முதல் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. 'னை', 'லை' போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவம் போய், எல்லா எழுத்துக்கும் உள்ள ஐகாரக் குறியே வந்தது. 'ணா', 'றா', 'னா' சாதாரணத் துணைக்காலுக்கு மாறின. மொத்தம் 13 எழுத்துகள். என் அம்மா இன்றும் மளிகைச் சீட்டில் 'வெண்ணெய்' சரியாக எழுதிவிட்டு 'பனைவெல்லம்' வந்ததும் துதிக்கை போடுவார்.

கணினியில் வேண்டுமானால், எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் சேருங்கள். இரண்டும் இலவசம். யூனிகோடில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள 6,400 இடங்கள் கொண்ட தனிப்பயன் பகுதி ஒன்று உண்டு. உங்கள் எழுத்துகளை அங்கே வையுங்கள். தமிழ் எழுத்துகளின் இடத்திலேயே வைத்தால் தட்டச்சு செய்வது எளிது, ஆனால் எழுத்துருவை மாற்றியதும் ரகசியம் வெளியே வந்துவிடும். எல்லா வடிவத்தையும் ஒரே கட்டத்துக்குள், ஒரே கோட்டுக் கனத்தில் வரையுங்கள். வால் ஒவ்வொரு மெய்யோடும் ஒட்டும் இடம் ஒரே உயரத்தில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து, அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என் சட்டைப் பையில் ஒரு சீட்டு செருகியிருந்தது. பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். முதல் சொல் 'ஞாஞா' என்று இருந்தது. அடுத்த வரியிலும் 'ஞ'தான் நிறைய. போன் செய்து, "என்னடி, தமிழ்ல இத்தனை ஞகரம் எங்கிருந்து வந்துச்சு?" என்றேன்.

"அது மாமா, மாமா!" என்றாள். "வட்டத்தை மூட நேரமில்ல. கீழே திறந்தே விட்டுடுறேன். என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

வட்டத்தை மூடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "ஞ எப்பவாவதுதானே வருது, அதுக்கு வேற ஏதாவது போட்டுக்கலாம்" என்றாள்.